கடல் எங்கே போயிற்று?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறி, சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்குங்கள். 'பீச் ஸ்டேஷன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். முதல் தடவை வருகிற பிள்ளைகள் ஆவலோடு வெளியே ஓடிவந்து சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். எதிரே ராஜாஜி சாலை. நடைபாதை ஓரத்தில் பர்மா பஜார்க் கடைகள். கொஞ்சம் தள்ளி, சிவப்புக் கட்டடமாகத் தலைமை அஞ்சல் நிலையம். முதுகுப் பக்கம் துறைமுகத்தின் மதில். மணலும் இல்லை, அலையும் இல்லை!

பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த ராஜாஜி சாலைக்கே ஒரு காலத்தில் 'ஃபர்ஸ்ட் லைன் பீச்', அதாவது கடற்கரையின் முதல் வரிசை என்று பெயர். அன்று சாலைக்கு எதிரே அலைகள் புரண்டு கொண்டிருந்தன. கடல் ஊருக்குள் வந்து விடாதபடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் இங்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்தக் கடல் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னையின் பழைய சின்னங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நகர்ந்தது கரைதான். ஆகவே ஒவ்வொரு கட்டடத்தையும் தரையில் அடித்து வைத்த ஓர் அளவு முளையாக வைத்துக்கொள்ளலாம்.

கடல் வாசல்

ராஜாஜி சாலையில் தெற்கு நோக்கி நடந்தால், உயர் நீதிமன்றத்தைத் தாண்டிச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை வருகிறது. 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மணல் மேட்டைப் பெற்றார்கள். மறு ஆண்டு கோட்டை வேலை தொடங்கிற்று. இன்று இங்கே சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. கிழக்கு மதிலில் உள்ள வாசலுக்குக் 'கடல் வாசல்' என்று பெயர். கப்பலில் வந்த சரக்கு இதன் வழியாகத்தான் உள்ளே போயிற்று. இப்போது அந்த வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது அகலமான சாலை, பஸ்கள், அப்பால் துறைமுகத்து நிலம்.

வியப்பு என்னவென்றால், சென்னைக்கு இயற்கைத் துறைமுகமே கிடையாது. மும்பையைப் போலக் காற்றுக்கு மறைவான வளைகுடாவோ, கல்கத்தாவைப் போலப் பெரிய ஆறோ இங்கே இல்லை. நேர்கோடாக ஓடும் திறந்த கரை, ஓயாத அலை. கப்பல்கள் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலை கரைக்கு வரும்போது ஆழம் குறைகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாகக் குறைந்ததும், அலையின் அடிப்பாகம் பின்தங்க, மேற்பாகம் முன்னால் கவிழ்ந்து உடைகிறது. சென்னைக் கரையில் இப்படி வரிசை வரிசையாக உடையும் அலைகளைத் தாண்டி வந்தால்தான் நிலம். ஐரோப்பியப் படகுகள் இதில் அகப்பட்டால் தரையில் மோதிப் பிளந்து போகும்.

வழி கண்டவர்கள் நம் கரையோரத்து மக்கள்தாம். அவர்களுடைய மசூலாப் படகில் ஓர் ஆணிகூட இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரை தட்டும்போது படகு விறைப்பாக நிற்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கைகளைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கிறோம் அல்லவா? மோதல் நிகழும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் கையில் விழும் விசை குறைகிறது. தைத்த படகும் அதையேதான் செய்தது. கவர்னர்களும் படைத்தலைவர்களும் சென்னை மண்ணில் கால் வைத்தது இந்தப் படகோட்டிகளின் தயவால். 200 ஆண்டுகளுக்கு மேல் சென்னை வாணிபம் முழுவதும் இந்தக் கயிற்றுத் தையலை நம்பியே நடந்தது என்று சொல்லலாம். கோட்டையைக் கட்டியவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. படகோட்டிகளின் பெயர்களை எங்கும் காணோம்.

உள்ளே போனால் புனித மேரி தேவாலயம். 1680-இல் திறக்கப்பட்டது. கடலிலிருந்து வரும் பீரங்கிக் குண்டு கூரையைத் துளைக்கக் கூடாது என்பதற்காக, மரத்தையே சேர்க்காமல், தடித்த செங்கல் வளைவாகக் கூரையை அமைத்தார்கள். சட்டமன்றக் கட்டடத்தின் முகப்பிலுள்ள கறுப்புத் தூண்களையும் பாருங்கள். பல்லாவரத்துக் கல். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அவை திரும்பி வந்தன. இந்தக் கல்லுக்குச் 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக்கின் கல்லறை இதே வகைக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் 1893-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். நம் ஊர்க் கல், கல்கத்தாக் கல்லறையிலிருந்து பெயர் பெற்றது!

கோட்டைப் பீரங்கிக்கு இன்னொரு வேலையும் ஒருமுறை கிடைத்தது. கடலோடு சம்பந்தமில்லாவிட்டாலும் அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1820, 1821-ஆம் ஆண்டுகளில், நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வுக் கூடத்தின் தலைவர் கோல்டிங்காம் ஒலியின் வேகத்தை அளந்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும். ஆய்வுக் கூடத்திலிருந்து ஒளியைக் கண்ட கணத்துக்கும் ஓசையைக் கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுவார்கள். கோட்டை சுமார் 4 கிலோ மீட்டர் தூரம். பரங்கிமலை சுமார் 9 கிலோ மீட்டர். ஒலி வினாடிக்கு 345 மீட்டர் போகிறது என்று கொண்டு, பரங்கிமலை வெடி கேட்க எத்தனை வினாடி ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு மாதம் விடை மாறியது. வெப்பம் மிகுந்த மாதங்களில் ஒலி விரைந்து வந்தது.

மூன்று முறை இடம் மாறிய விளக்கு

கோட்டை அருங்காட்சியகம் முன்பு அதிகாரிகளின் விடுதியாகவும் வணிகர்கள் கூடும் இடமாகவும் இருந்தது. 1796-இல் அதன் மொட்டை மாடியில் எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதுவே.

இரண்டாவதைப் பார்க்க உயர் நீதிமன்றத்துக்குத் திரும்ப வேண்டும். வளாகத்துக்குள் கிரேக்கத் தூண்போல ஒன்று தனியாக நிற்கிறது. ஏறக்குறைய 38 மீட்டர் உயரம். 1844-இல் விளக்கு ஏற்றப்பட்டது. பூமி உருண்டை ஆதலால், விளக்கு உயர உயரத்தான் அதன் ஒளி தொலைவில் தெரியும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்குங்கள், தொடுவானத்தின் தூரம் கிலோ மீட்டரில் வந்துவிடும். 38-க்கு வர்க்கமூலம் 6.16. ஆகவே தூரம் 22 கிலோ மீட்டர். பாய்மரத்தில் 16 மீட்டர் உயரத்தில் ஒரு மாலுமி ஏறி நின்றால் அவனுக்குத் தொடுவானம் 14 கிலோ மீட்டர். இரண்டையும் கூட்டினால் 36. அத்தனை தூரத்திலேயே அவன் விளக்கைக் கண்டுவிடுவான்.

1892-இல் உயர் நீதிமன்றம் எழுந்தபோது அதன் பெரிய கோபுரம் இந்தத் தூணை விட உயரமாகிவிட்டது. 1894-இல் விளக்கு கோபுர உச்சிக்குப் போயிற்று. கீழே வழக்கு, மேலே விளக்கு! உலகில் இப்படி வேறெங்கும் அதிகம் இராது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது ஒரு குண்டு விழுந்த இடத்தை, நீதிமன்றத்தின் கிழக்கு மதிலிலுள்ள பலகை குறிக்கிறது. 1977-இல் விளக்கு மெரீனாவின் தென்பகுதிக்கு நான்காவது வீடு தேடிப் போயிற்று.

விளக்குகளும் கோட்டையும் அந்தந்தக் காலத்துக் கரையை ஒட்டி எழுந்தவை. அவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நிலத்தை நுழைத்தது எது? அதை இனிப் பார்ப்போம்.

சுவருக்குப் பின்னால் நின்ற மணல்

கப்பல்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று வணிகர்கள் வெகுநாளாகக் கேட்டு வந்தார்கள். 1861-இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் நீண்ட ஒரு பாலம் அமைத்தார்கள். புயலிலும் கப்பல் மோதியும் அது அடிக்கடி பழுதாயிற்று. பிறகு பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, கரையிலிருந்து இரு கைகள் போலக் கெட்டியான அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டும் வேலை தொடங்கியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியப்போகும் வேளையில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களில் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள்.

புயல் ஒரே நாளில் செய்த சேதம் எல்லார் கண்ணிலும் பட்டது. மணல் மெல்ல மெல்லச் செய்த வேலைதான் பெரியது.

அலை கரைக்கு நேராக வருவதில்லை. பெரும்பாலும் சாய்வாக வருகிறது. சாய்வாக ஏறும் நீர் மணலையும் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும்போது நீர் சரிவின் வழியே நேராக இறங்கும். மணல் துகளும் அப்படியே இறங்கும். ஆக, ஒவ்வோர் அலைக்கும் துகள் கரையோரமாக ஓரடி நகர்ந்துவிடுகிறது. ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கி, ஏறி இறங்கி அது ஊர்வலம் போகும். சோழமண்டலக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கத்தி அலைகளின் ஆதிக்கம். மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக் காற்றின்போது சில மாதங்கள் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

இந்த ஊர்வலத்தின் குறுக்கே ஒரு கெட்டிச் சுவரை வைத்தால் என்ன ஆகும்? 1861-இன் பாலத்துக்குத் தூண்கள்தாம் உண்டு. இடைவெளியில் மணல் நழுவிப் போயிற்று. பார்க்ஸின் சுவரில் இடைவெளி இல்லை. வாய்க்காலில் பலகை வைத்து மறித்தது போல, மணல் தெற்குச் சுவரின் பின்னால் குவியத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கரை கிழக்கே நகர்ந்தது. கூவம் ஆற்றின் முகத்துவாரத்தையும் மணல் அடைத்தது. சுவரைச் சுற்றி வந்த மணல், கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயிலுக்குள்ளும் நுழைந்தது. 1904-இல் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறக்க வைத்தார். மணலின் போக்கை அளந்து ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். (இந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912 மார்ச் 1-ஆம் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சீனிவாச ராமானுஜன் என்ற குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். கணக்குப் பிள்ளையின் கணக்குகள் கேம்பிரிட்ஜ் போனது தனிக் கதை.)

தெற்கே வரவு

இப்போது மெரீனாவுக்குப் போவோம். உலகப் புகழ் பெற்ற இந்த மணல் வெளி இயற்கையின் பழைய கொடை என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திய மணல். மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டபோது கடல் இன்றைவிட வெகு அருகில் இருந்தது. கரை அகலமாகத் தொடங்கிய 1880-களில்தான் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே உலாவுச் சாலை அமைத்து 'மெரீனா' என்று பெயரிட்டார். இன்று சில இடங்களில் சாலையிலிருந்து தண்ணீரைத் தொட 300 மீட்டருக்கு மேல் மணலில் நடக்க வேண்டும்.

கடற்கரைச் சாலையின் மேற்கு ஓரத்தில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-இல் அமெரிக்க வணிகர் டியூடர் ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டியது. ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர் காலத்தில் உறைந்த பனியை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் கொண்டு வந்தார்கள். வழியில் இருமுறை பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். சுமார் 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது!

நான்கு மாதம் ஐஸ் எப்படித் தாங்கியது? ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். பருமன் எட்டு மடங்காகும். வெப்பம் மேற்பரப்பு வழியாகத்தான் நுழைய முடியும். ஆகவே பெரிய கட்டி சின்னக் கட்டியை விட நெடுநேரம் நிற்கும். மரத்தூளின் இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மேலும் 0 டிகிரியிலுள்ள ஒரு கிராம் ஐஸ் உருகவே 80 கலோரி வேண்டும். 1870-களில் நீராவி எந்திரத்தால் சென்னையிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் பாஸ்டன் ஐஸ் விலை போகவில்லை. பின்னர் இக்கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரிடம் வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கினார்.

நமக்கு வேண்டிய செய்தி வேறு. படகிலிருந்து இறக்கிய ஐஸை வெயிலில் நெடுந்தூரம் சுமந்து போக எந்த வணிகனும் விரும்பமாட்டான். கரையோரத்தில்தான் கிடங்கு கட்டியிருப்பான். அந்தக் கிடங்கு இன்று கடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, பாருங்கள்!

வடக்கே செலவு

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவார்கள். நம் கேள்விக்கு விடை பாதிதான் கிடைத்திருக்கிறது. தெற்கே தங்கிவிட்ட மணல், வழக்கமாக யாருக்குப் போக வேண்டியது? அதை அறிய வடக்கே ராயபுரம் போக வேண்டும்.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண் வரிசையோடு கூடிய அழகான முகப்பு. நாட்டில் மிஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. கட்டியபோது இதன் கிழக்கே மணற்கரையும் மீனவர் குப்பங்களும் இருந்தன.

அங்கிருந்து காசிமேடு வழியாகத் திருவொற்றியூர் நோக்கிக் கடலோரச் சாலையில் போங்கள். வலப்பக்கம் மெரீனாவைப் போன்ற மணல் வெளியைத் தேடாதீர்கள். நெடுந்தூரத்துக்குக் கருங்கற்களைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள். அலை அதன்மேல் மோதித் தெறிக்கிறது. துறைமுகச் சுவர் எழுந்த பின், இந்தக் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலையோ வழக்கம்போல் இங்கிருந்த மணலை வடக்கே எடுத்துச் சென்றது. வரவு நின்று செலவு தொடர்ந்தால் எந்தக் கணக்கும் காலியாகத்தானே செய்யும்? ஒரு நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் கரை கடலுக்குள் போயிற்று. வீடுகள் போயின, குடும்பங்கள் மேற்கே நகர்ந்தன, சில இடங்களில் ஒரு தலைமுறைக்குள்ளேயே மீண்டும் நகர வேண்டி வந்தது.

கல்லணை வீட்டைக் காக்கிறது, உண்மை. ஆனால் கட்டுமரத்தைக் கல்லின்மேல் இழுத்து ஏற்ற முடியாது. வலை உலர்த்த இடம் இல்லை. கரைவலை இழுக்க மணல் இல்லை. கடலோரத்தில் குடியிருந்தும் கடலில் இறங்க வழியில்லாத நிலை. மசூலாப் படகு ஓட்டிச் சென்னை வாணிபத்தைக் கரை சேர்த்த கடலோரச் சமூகத்தின் பிற்காலத்தவர்க்கே இந்தச் செலவு வந்து சேர்ந்தது. மெரீனாவில் காற்று வாங்கும் நம்மில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்க்கிறோம்?

பரிகாரம் உண்டா? 'தூண்டில் வளைவு' என்று சொல்லப்படும் சிறு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டுகிறார்கள். அவற்றின் தெற்கே கொஞ்சம் மணல் தங்குகிறது. கடைசி வளைவுக்கு வடக்கே அரிப்பு தொடங்கிவிடுகிறது. இன்னொரு வழி, சுவருக்கு ஒருபுறம் சேரும் மணலை வாரி மறுபுறம் கொண்டு போய்க் கொட்டுவது. விசாகப்பட்டினத்தில் துறைமுக வாயிலருகே வாரிய மணலை நகரத்துக் கடற்கரையில் கொட்டும் வழக்கம் உண்டு. புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகச் சுவர்கள் கட்டிய பின் நகரத்துக் கடற்கரை மறைந்து கல்லணை மட்டும் நின்றது. 2018-இல் கடலுக்கடியில் ஓர் எஃகுத் திட்டை அமைத்து, மணலையும் கொட்டியபின், அங்கே ஒரு பகுதியில் கரை மீண்டும் தோன்றியது. சென்னைக்கு வடக்கே, 2001-இல் எண்ணூரிலும் பிறகு காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகச் சுவர்கள் எழுந்திருக்கின்றன. மணல் ஊர்வலத்துக்கு அங்கேயும் தடை உண்டு.

உங்கள் பள்ளி கடலுக்கு அருகில் இருந்தால் நீங்களும் ஓர் ஆராய்ச்சி செய்யலாம். இடம் மாறாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் மதிலின் மூலை, பழைய கிணற்றுச் சுவர், எது கிடைத்தாலும் சரி. மாதந்தோறும் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, முந்திய இரவில் அலை ஏறி நின்ற ஈரக் கோடு வரை நாடாவால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். கடலில் இறங்க வேண்டாம். ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் ஓர் எண் வரும், டிசம்பரில் வேறோர் எண் வரும்; அதைக் கண்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதே மாதத்து எண்ணை அடுத்த ஆண்டு எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது நோட்டை ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.